எஃப்எஸ்எச் இறங்கினால் முட்டை கூடுமா?

"அக்கா, 14 இருந்துச்சு, இப்போ 9 வந்திருக்கு. நல்லதுதானே?"

கொளத்தூரில் இருக்கும் என் சித்தி மகள், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்த கையோடு கேட்ட கேள்வி இது. வயது 36. கல்யாணமாகி நான்கு வருடம்; குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பித்து இரண்டு வருடம். மாதவிலக்கின் இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்ததில் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் 14 என்று, கொஞ்சம் அதிகமாக வந்தது. யாரோ சொல்லி ஒரு அக்குபஞ்சர்காரரிடம் போனாள். வாரம் இரண்டு முறை ஊசி, கூடவே வெந்நீரில் கலக்கிக் குடிக்க ஒரு சீன மூலிகைப் பொடி. மூன்று மாதம் கழித்து அதே லேபில் எடுத்ததில் 9.

பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எண் இறங்கியது நிஜம். அதற்காக முட்டை கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினால் அவள் அழுவாள். அதனால்தான் இந்த நீளம்.

எஃப்எஸ்எச் சினைப்பையில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. முட்டைப் பைகளை வளர்த்துவிடு என்று ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் சினைப்பைக்குப் போகும் உத்தரவு அது. பைகள் வளரத் தொடங்கியதும் ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபின் என்ற இன்னொரு பொருளையும் ரத்தத்தில் விடுகின்றன. அதைப் பார்த்து, சரி, வேலை நடக்கிறது என்று பிட்யூட்டரி குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கையிருப்பில் பைகள் குறைவென்றால் பதில் மெலிதாக வரும். உடனே பிட்யூட்டரி சத்தத்தைக் கூட்டும்.

சென்னையில் அடிபம்பு அடித்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை நன்றாகப் பெய்த வருடம் பத்தே தடவை அடித்தால் குடம் நிறையும். மே மாதம் அதே குடத்துக்கு அறுபது தடவை அடிக்க வேண்டும். எஃப்எஸ்எச் என்பது அந்த அடிகளின் கணக்கு. குடம் இரண்டு காலத்திலும் நிறைகிறது என்பதையும் மறக்கக்கூடாது. எஃப்எஸ்எச் 14 உள்ள பெண்ணுக்கும் அந்த மாதம் முட்டை வெளிவரலாம். ஆனால் கை வலிக்கிறதே என்று அடிப்பதைக் குறைத்துக்கொண்டால் நிலத்தடி நீர் ஏறிவிடாது.

இதை வைத்தே இன்னொரு குழப்பமும் தீரும். 'எஃப்எஸ்எச் அதிகமாக இருப்பது கெட்டது என்கிறார்கள், அப்புறம் சோதனைக் குழாய் முறையான ஐவிஎஃப்பில் எஃப்எஸ்எச் ஊசியையே போடுகிறார்களே?' என்று பலர் கேட்பதுண்டு. எஃப்எஸ்எச் விஷமில்லை. வேண்டுமென்றே பலமாக அடித்து, அந்த மாதம் கிடைக்கிற முட்டைகளை எல்லாம் ஒரே தடவையில் மேலே கொண்டுவருவதுதான் அந்த ஊசியின் வேலை. அது முதலில் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து. சினைப்பை ஓய்ந்தபின் பிட்யூட்டரி ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பதால் அவர்கள் சிறுநீரில் எஃப்எஸ்எச் நிறைய இருக்கும். 1950களில் இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரீகளிடமிருந்து சிறுநீர் சேகரித்து மருந்தாக்கினார்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. வாழ்நாளெல்லாம் துறவறத்தில் இருந்தவர்கள் எங்கோ ஒரு வீட்டில் தொட்டில் கட்டக் காரணமாயிருக்கிறார்கள்.

சரி, 14 எப்படி 9 ஆனது?

மருந்தே எடுக்காவிட்டாலும் ஆகியிருக்கலாம். எஃப்எஸ்எச் மாதத்துக்கு மாதம் மாறும். குறிப்பாக, கையிருப்பு குறைந்துவரும் பெண்களுக்கு ஒரு மாதம் 15, அடுத்த மாதம் 8 என்று ஆடும். எண் உச்சத்தில் இருக்கும்போதுதான் பயந்துபோய் சிகிச்சைக்கு ஓடுகிறோம். உச்சத்திலிருந்து அது எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அப்போது கையில் எது இருக்கிறதோ, ஊசியோ பொடியோ மலைவேம்புச் சாறோ, பெயர் அதற்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இரண்டாவது வழி கொஞ்சம் சூட்சுமமானது. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் எஃப்எஸ்எச் இறங்கும். கருத்தடை மாத்திரை கொடுத்தால்கூட எஃப்எஸ்எச் அழகாக இறங்கும். அதை யாரும் குழந்தைக்கான சிகிச்சை என்று சொல்வதில்லை. வயது கூடிய பெண்களில் சில சமயம் ஒரு முட்டைப் பை அவசரப்பட்டு முந்தைய சுழற்சியின் முடிவிலேயே வளர ஆரம்பித்துவிடும். அப்போது இரண்டாம் நாளில் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் எஃப்எஸ்எச் அடங்கியும் தெரியும். பார்க்க நல்ல ரிப்போர்ட். உள்ளே நிலைமை நேர்மாறு. அதனால்தான் விவரமான மருத்துவர்கள் எஃப்எஸ்எச்சுடன் எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்தே எழுதிக் கொடுப்பார்கள். என் சித்தி மகள் இரண்டாம் முறை எடுத்தது எஃப்எஸ்எச் மட்டும்.

மூன்றாவது வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! பல லேப் கருவிகள் பரிசோதனையின் ஒரு படியில் பயோட்டினையே பசைபோலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கணக்கு தப்பும்: எஃப்எஸ்எச், எல்எச், தைராய்டுக்கான டிஎஸ்எச் போன்ற ஹார்மோன்கள் பொய்யாகக் குறைந்தும், எஸ்ட்ராடியோல் பொய்யாக ஏறியும் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதுபற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாளாவது அந்த மாத்திரையை நிறுத்துவதும், லேபில் சொல்லிவிடுவதும் நல்லது.

இப்போது ஏஎம்எச். இந்த எண்தான் இன்று சென்னைப் பெண்களை அதிகம் தூங்கவிடாமல் செய்கிறது. சினைப்பையில் வளரத் தயாராக இருக்கும் சிறு பைகள் விடும் பொருள் இது. பிட்யூட்டரியின் கூச்சலை வைத்து ஊகிக்காமல் கிணற்றிலேயே கயிறு விட்டுப் பார்ப்பது மாதிரி. மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். ஒரு லேப் நானோகிராமில் தரும், இன்னொன்று பிக்கோமோலில் தரும், முன்னதை 7.14ஆல் பெருக்கினால் பின்னது. அலகைப் பார்க்காமல், 1 இருந்தது 7 ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

ஆனால் கயிறு தண்ணீரின் ஆழத்தைச் சொல்லும், ருசியைச் சொல்லாது. முட்டை எத்தனை மிச்சம் என்பதற்கு ஏஎம்எச் ஒரு குறிப்பு. முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, குழந்தையின்மைப் பிரச்சினை முன்பு இல்லாத, அப்போதுதான் முயற்சி தொடங்கிய 30 முதல் 44 வயதுவரையான 750 பெண்களைத் தொடர்ந்தது. ஏஎம்எச் (நானோகிராம் கணக்கில்) 0.7க்குக் கீழே இருந்தவர்களில் 12 சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 84 சதவீதம். ஏஎம்எச் சரியாக இருந்தவர்களில் 75. எஃப்எஸ்எச் 10ஐத் தாண்டியவர்களில் 82, தாண்டாதவர்களில் 75. வித்தியாசம் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. ஏஎம்எச் குறைந்தால் வாய்ப்புக் கூடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; மாதம் ஒரு முட்டைதான் வேண்டும், அது கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஐவிஎஃப்பில் ஒரே தடவையில் பத்து முட்டை தேவைப்படும்போதுதான் இந்த எண் காசு பேசும். இரண்டு வருடமாக முயற்சி செய்யும் என் சித்தி மகள் அந்த 750 பேரைப் போன்றவள் அல்ல என்பதும் உண்மை. அவளுக்குத் தேவை காரணம் தேடுவது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சீன மருத்துவம் இதில் எங்கே நிற்கிறது? சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஹுவாங்தி நெய்ஜிங் என்ற மூல நூலின் முதல் அத்தியாயத்திலேயே பெண்ணுடலுக்கு ஓர் ஏழாம் வாய்ப்பாடு இருக்கிறது. 7 வயதில் பல் மாறும். 14இல் 'தியன்குய்' என்ற இனப்பெருக்கச் சாரம் வந்து மாதவிலக்கு தொடங்கும். 28இல் உடல் உச்சத்தில் இருக்கும். 35இல் முகம் வாடி முடி உதிரத் தொடங்கும். 49இல் தியன்குய் தீர்ந்து கருத்தரிப்பு நிற்கும். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது 46, 47 வாக்கில் என்பதையும், 35க்கு மேல் கருத்தரிப்பு குறைவதையும் வைத்துப் பார்த்தால், எழுதியவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாமும் ஏழாகத்தான் பிரித்தோம்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். நம் கணக்கு 40உடன் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கவிஞர்களுக்கு ஆர்வமில்லை போல.

சீன முறைப்படி இந்த வளர்ச்சியையும் தேய்வையும் நடத்துவது சிறுநீரகத்தில் தங்கும் 'ஜிங்' என்ற சாரம். கல்லீரல் ரத்தத்தைச் சேமிக்கிறது. அங்கே 'சி' என்ற உயிரோட்டம் தேங்கினால் மாதவிலக்கு தவறும். இங்கே சிறுநீரகம், கல்லீரல் என்பதெல்லாம் நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்புகள் அல்ல. செயல்களின் தொகுப்புக்கு வைத்த பெயர்கள். நம் வாதம், பித்தம், கபம் மாதிரி. இதை விளக்காமல் 'உங்களுக்குக் கிட்னி வீக்' என்று ஒரு பெண்ணிடம் சொல்லி, அவர் பதறிப்போய் கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்து, அது நார்மல் என்று வந்து, சொன்னவர்மேல் பக்தி இரட்டிப்பானதைப் பார்த்திருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்த நூல்களில் எஃப்எஸ்எச் இல்லை, இருக்கவும் முடியாது. அதை ரத்தத்தில் அளக்கும் முறையே 1960களில்தான் வந்தது. 'எஃப்எஸ்எச் குறைக்கும் பாரம்பரிய சீன மருந்து' என்ற சொற்றொடரில் பாரம்பரியம் பாதிகூட இல்லை. ஒரு நவீன ரத்தப் பரிசோதனை எண்ணை எடுத்து, பழைய சொற்களில் சுற்றி, எண் இறங்கியதையே குணமானதாகக் காட்டும் ஒட்டுச்செடி அது. பழைய சீன வைத்தியர், குழந்தை பிறந்ததா என்று கேட்டிருப்பார்; எண் இறங்கியதா என்றல்ல. பழைய மருந்தில் நவீன ஹார்மோனைத் தேடும் ஆசை எதிர்த் திசையிலும் வேலை செய்திருக்கிறது. 1963இல் ஜோசப் நீதம் என்ற புகழ்பெற்ற அறிவியல் வரலாற்றாளரும் லூ குவெய்-ஜென்னும், இடைக்காலச் சீனர்கள் சிறுநீரைக் காய்ச்சி எடுத்த 'இலையுதிர்காலக் கல்' பாலின ஹார்மோன் மருந்துதான் என்று எழுதினார்கள். பின்னர் அந்தச் செய்முறைகளைச் செய்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உப்பு.

சென்னைக்குச் சீன வைத்தியம் புதிதல்ல. பாரிமுனைப் பக்கம் தலைமுறைகளாகப் பல் கட்டிக் கொடுக்கும் சீனக் குடும்பங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் மாமா கொண்டுவரும் கோடாலித் தைலமும் பர்மா பஜார் டைகர் பாமும் இல்லாத பீரோ எந்த வீட்டில் இருந்தது? அக்குபஞ்சர் அப்புறம் வந்தது. இங்கே அது தனி உருவம் எடுத்து, ஊசியே இல்லாமல் நாடி பிடித்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பும் வகைகூட வந்துவிட்டது. போகரே சீனாவுக்குப் போய் வந்தவர் என்று நம்பும் ஊரில் இதற்கெல்லாம் வரவேற்புக்குக் குறைவில்லை.

ஊசி உண்மையில் என்ன செய்கிறது? 2002இல் ஜெர்மனியில் 160 பெண்களை வைத்து நடந்த ஆய்வுதான் ஆரவாரத்தின் தொடக்கம். ஐவிஎஃப்பில் கருவைக் கருப்பையில் வைக்கும் நாளில் அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 42.5 சதவீதம் கர்ப்பம், செய்யாதவர்களில் 26.3. ஆனால் ஒப்பிடப்பட்ட பெண்கள் சும்மா படுத்திருந்தார்கள். தாங்கள் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். 2018இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐவிஎஃப் செய்துகொண்ட 848 பெண்களை வைத்து, ஒரு பாதிக்கு நிஜ ஊசி, மறு பாதிக்குத் தோலைத் துளைக்காத பாவனை ஊசி என்று செய்தார்கள். குழந்தை பிறந்தது 18.3 சதவீதத்துக்கும் 17.8 சதவீதத்துக்கும். அதாவது ஒன்றுதான்.

'வெள்ளைக்காரர்களுக்கு ஊசி குத்தத் தெரியவில்லை' என்று சொல்ல முடியாதபடி இன்னோர் ஆய்வு சீனாவிலேயே நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே முன்னின்று, 21 மருத்துவமனைகளில், பிசிஓஎஸ் (ஹார்மோன் குழப்பத்தால் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை) உள்ள 1,000 பெண்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். நிஜ ஊசியா பாவனை ஊசியா, முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரையா மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்று எல்லாச் சேர்க்கையும் வந்தது. வாரம் இரண்டு முறை, 16 வாரம் வரை. முடிவு 2017இல் வந்தது. குளோமிஃபீன் எடுத்தவர்களில் 28.7 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 15.4. நிஜ ஊசிக்கு 21.8, பாவனை ஊசிக்கு 22.4. மலிவான பழைய மாத்திரை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கியது, ஊசி அசைக்கவில்லை. தங்கள் முறைக்குப் பாதகமான முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்தச் சீன மருத்துவர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

வெறும் மாத்திரை, வெறும் ஊசியுடன் இருந்தவர்களிலும் ஆறில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது என்பதையும் பாருங்கள். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்களைக் கேலி செய்தோம். அவர்களில் சிலருக்கு நிஜமாகவே நின்றிருக்கும். மரத்தின் புகழ் அப்படித்தான் வளர்ந்தது.

மூன்று மாதக் கோர்ஸ் என்பதிலும் பாதி உண்மை உண்டு. ஒரு முட்டைப் பை கடைசிக்கட்ட வளர்ச்சியை முடிக்க 85 நாள் போலப் பிடிக்கும். அதனால் புகையை நிறுத்துவது, எடையைச் சீராக்குவது போன்றவற்றின் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் கையிருப்பு அம்மாவின் வயிற்றில் 20 வாரக் கருவாக இருக்கும்போதே உச்சம் தொட்டுவிடுகிறது: 60, 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். அதில் வெளிவருவது 400 சொச்சம். புதிதாகச் சேர்க்க எந்தப் பொடிக்கும் வழியில்லை.

ஊசியால் பெரிய ஆபத்தில்லை. சுத்தமான, ஒரு முறை பயன்படுத்தும் ஊசியாக இருந்தால் போதும். எனக்குக் கவலை பொடியைப் பற்றித்தான். டாங் குய் என்ற வேர் பெண்களுக்கான சீனக் கஷாயங்களில் பலவற்றில் இருக்கும்; ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் எடை குறைக்கும் சீன மூலிகை எடுத்த 100க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா இனத்துச் செடி கலந்துவிட்டது காரணம். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும்போது லேபிளில் சீன எழுத்து மட்டும் உள்ள பொட்டலத்தைக் குடிப்பது, கர்ப்பம் நின்றபின் முதல் சில வாரமும் அறியாமல் குடிப்பதுதான். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனமும் அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கும் ஊரில், மூலிகைதான் வேண்டும் என்றால், என்ன தருகிறோம் என்று பெயர் எழுதித் தரும் பட்டம் பெற்றவரிடமாவது போகலாம்.

இவ்வளவையும் நான் போனில் சொன்னேனா? இல்லை. கேள்விதான் கேட்டேன். முடி மாத்திரை சாப்பிடுகிறாயா? ஆமாம். வயிற்றெரிச்சலுக்கு? டாம்பெரிடோன் கலந்த மாத்திரை, தினமும். அது பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றி முட்டை வெளிவருவதையே தடுக்கக்கூடியது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தைராய்டு ஒரு வருடத்துக்கு முன் பார்த்தது. கருக்குழாய் எக்ஸ்ரே எடுக்கவில்லை; நம் நாட்டில் காசநோய் சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடுவதுண்டு, அதை எந்த ஹார்மோன் எண்ணும் காட்டாது. 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயற்சி செய்தும் நிற்காவிட்டால் இதையெல்லாம் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழக்கம். அவளுக்கு ஓடிப்போனது இரண்டு வருடம். அதில் மூன்று மாதம், 14ஐ 9 ஆக்குவதில்.

"ஊசி போட்டா நல்லா தூக்கம் வருதுக்கா. அந்தம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுறாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் அஞ்சு நிமிஷம்."

அதை நான் மறுக்கவில்லை. கல்யாண வீட்டில் 'ஏதும் விசேஷம் உண்டா?' என்று கேட்கிறவர்களுக்கு நடுவே, ஒரு மணி நேரம் காது கொடுக்கிறவரிடம் போவதைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்? போயிட்டு வா, பொடியை மட்டும் நிறுத்து, டாக்டரிடம் பாக்கெட்டைக் காட்டு என்றேன்.

"அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவர் நல்லாத்தான் இருக்கார்க்கா."

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் தரப்புக் காரணமும் இருக்கும். இரண்டு வருடத்தில் அவள் கையில் எத்தனை முறை ஊசி இறங்கியிருக்கிறது என்று எண்ணச் சொன்னேன், எண்ணி முடிக்கவில்லை. அவருக்கு இதுவரை ஒன்றுமில்லை. விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூட வேண்டாம். இரண்டு நாளுக்குக் குறையாத, ஏழு நாளுக்கு மிகாத இடைவெளி விட்டு, லேபிலேயே கொடுக்கலாம். கூச்சமாக இருந்தால் லேபில் தரும் டப்பாவில் வீட்டிலேயே எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொளத்தூரிலிருந்து என்றால் காலை எட்டு மணி டிராஃபிக்குக்கு முன்னால் கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.